மர்மம் என்ன மர்மம்?

நமது பத்திரிகைகளில் மூன்று விஷயங்களுக்கு முன்னால் ‘மர்ம’ என்ற அடைமொழி தவறாமல் வந்துவிடும். மர்ம ஆசாமி, மர்மப் பொருள், மர்மக் காய்ச்சல்.

மர்ம ஆசாமியை போலீஸ் தேடும். மர்மப் பொருளை வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பிரித்துப் பார்ப்பார்கள். மர்மக் காய்ச்சலை மட்டும் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை. ஊருக்கு ஒரு மருத்துவ முகாம், தெருவுக்கு இரண்டு கை பிளீச்சிங் பவுடர், ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்று அதிகாரியின் பேட்டி. அத்தோடு சரி. அடுத்த வாரம் வேறு செய்தி வந்துவிடும். செத்தவர் செத்தவர்தான்.

இந்த வார்த்தையை ஒழித்துக்கட்ட வேண்டும் என்கிறேன். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1957ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் என்ற காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. காட்டை ஒட்டிய கிராமங்களில் ஆட்கள் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். படிக்காத ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘மங்கன காயிலெ’ என்று பேர் வைத்தார்கள். குரங்கு நோய் என்று அர்த்தம். புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் அந்தப் பேச்சை மதித்து வந்து பார்த்தார்கள். முதலில் மஞ்சள் காய்ச்சலோ என்று பயந்தார்கள். இல்லை. செத்த குரங்குகளிடமிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதைப் பரப்புவது உண்ணி என்பதும் தெரிந்தது. நாய்க் காதில், மாட்டு மடியில் பார்த்திருப்பீர்களே, அந்த இனத்தில் காட்டில் வாழும் ஒரு வகை. அதன் குட்டிப் பருவம் கடித்தால் பலருக்குக் கடித்ததே தெரியாது.

டிசம்பர் தொடங்கி மே வரை இந்த உண்ணிகளின் சீசன். விறகு பொறுக்க, மாடு மேய்க்க, பாக்குத் தோட்டத்துக்குச் சருகு அள்ளக் காட்டுக்குள் போகிறவர்களுக்குத்தான் நோய் வரும். திடீர்க் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி வலி, சிலருக்கு ரத்தக் கசிவு. பெரும்பாலோர் பிழைத்து எழுந்துவிடுவார்கள். ஆனால் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு, காய்ச்சல் விட்டு நிம்மதியாக இருக்கும்போது, மூன்றாவது வாரத்தில் இரண்டாம் சுற்று ஆரம்பிக்கும். கை கால் நடுக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்பு, மனக் குழப்பம். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இந்த நோயில் இறக்கிறார்கள்.

இந்த இரண்டாம் சுற்றில்தான் ‘மர்மம்’ பிறக்கிறது. ஒருவர் நடுக்கத்தோடும் குழப்பத்தோடும் டவுன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ‘மூன்று வாரம் முன்னால் காட்டுக்குப் போனாயா? உண்ணி கடித்ததா? பக்கத்தில் குரங்கு ஏதும் செத்துக் கிடந்ததா?’ என்று யாரும் கேட்கவில்லை. ரத்தத்தில் வைரஸ் நேரடியாக அகப்படுவது ஆரம்ப நாட்களில்தான். பிறகு அதன் தடயமான ஆன்ட்டிபாடியைத்தான் தேட வேண்டும். அதையும் தேடவில்லை. கேஸ் ஷீட்டில் ‘மூளைக் காய்ச்சல், காரணம் தெரியவில்லை’ என்று எழுதியாயிற்று. மர்மம் அந்தக் காட்டில் இல்லை சார், அந்தக் கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

‘கர்நாடக சமாசாரம், நமக்கென்ன?’ என்று கேட்பீர்கள். ஐம்பது வருடத்துக்கும் மேலாக எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2012ல் பந்திப்பூரிலும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம் நீலகிரிக் காட்டிலும் இதே வைரஸ் தலைகாட்டியது. 2013ல் வயநாடு, 2015ல் கோவா, 2016ல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க். செக்போஸ்ட்டுகள் நமக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே மலை.

இந்த வைரஸுக்கு ரஷ்யாவில் ஒரு ஒன்றுவிட்ட அண்ணன் உண்டு. 1937ல் சோவியத்தின் தூரக் கிழக்குக் காடுகளில் சிப்பாய்களும் மரம் வெட்டுகிறவர்களும் மூளைக் காய்ச்சலில் செத்தார்கள். லெவ் சில்பர் என்ற விஞ்ஞானி தன் குழுவோடு போய், காரணம் ஒரு வைரஸ், பரப்புவது உண்ணி என்று சில மாதங்களில் கண்டுபிடித்தார். அதே வருடம் ஸ்டாலின் அரசு அவரைப் பொய்க் குற்றச்சாட்டில் சிறையில் போட்டது. நம் ஊரில் விஞ்ஞானியைச் சிறையில் போடுவதில்லை. ரிப்போர்ட்டை பீரோவில் போட்டுவிடுகிறோம்.

அந்த அண்ணன் வைரஸ் ஆஸ்திரியாவிலும் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குப் பல நூறு பேர் பாதிக்கப்பட்டார்கள். 1981ல் நாடு தழுவிய தடுப்பூசி இயக்கம் தொடங்கினார்கள். எண்ணிக்கை சில பத்துகளாக விழுந்தது. இங்கே? 1990 முதல் கர்நாடகத்தில் ஒரு தடுப்பூசி போட்டார்கள். 2005 முதல் 2010 வரையான கணக்கை ஆராய்ந்தபோது, இரண்டு ஊசி போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு சுமார் 62 சதவிகிதம்தான். பூஸ்டரும் போட்டால் 83. அதைத் தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களும் குறைவு. கடைசியில் தரம் தேறவில்லை என்று 2022ல் நிறுத்தியே விட்டார்கள். நோயைக் கண்டுபிடித்து 65 வருடம் கழித்து, கையில் ஊசி இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? ஐரோப்பாவில் உண்ணி, லீவு நாளில் காட்டுக்கு வாக்கிங் போகிறவரையும் கடிக்கிறது. இங்கே விறகு பொறுக்குகிற கிழவியைத்தான் கடிக்கிறது. வயநாட்டில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் பழங்குடி மக்கள். அவர்கள் டி.வி. விவாதத்துக்கு வருவதில்லை.

அதிகம் வேண்டாம், கோரக்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப்பிரதேசத்தின் அந்தப் பகுதியில் ஒவ்வொரு மழைக்காலமும் குழந்தைகள் மூளைக் காய்ச்சலில் செத்தார்கள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் போக, மிச்சம் ‘காரணம் தெரியாதது’. நம் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவன விஞ்ஞானிகளும் அங்கே போய்ச் சோதித்தார்கள். அந்த மிச்சத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைபஸின் தடயம் இருந்தது. இது வைரஸ் அல்ல, பாக்டீரியா. உண்ணிக்கு உறவான ஒரு நுண்ணிய பூச்சி பரப்புவது. தமிழ்நாட்டில் இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்றே சொல்கிறார்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற சாதாரண மருந்துகளே காப்பாற்றும். அத்தனை வருட மர்மத்தின் விலை சில ரூபாய் மாத்திரை!

‘எல்லாக் காய்ச்சலுக்கும் காரணம் கண்டுபிடித்துவிட முடியுமா?’ என்று டாக்டர்கள் கேட்கலாம். முடியாது. இங்கிலாந்தில் 203 மூளைக் காய்ச்சல் நோயாளிகளை அலசி 2010ல் வெளியிட்ட ஆய்விலேயே, 37 சதவிகிதம் பேருக்குக் காரணம் பிடிபடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேடிப் பார்த்துவிட்டுத் ‘தெரியவில்லை’ என்றால் அது விஞ்ஞானம். தேடாமலே ‘மர்மம்’ என்றால் அது சோம்பேறித்தனம்.

என்ன செய்யலாம்?

மலையடிவார ஆஸ்பத்திரிகளில் காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டையும் உண்ணியையும் பற்றி இரண்டு கேள்வி கேட்கட்டும். இதற்கு பட்ஜெட் தேவையில்லை.

காட்டோரம் குரங்கு செத்துக் கிடந்தால் அது நமக்கு வந்த தந்தி. ஆஞ்சநேயர் என்று மாலை போட்டு, மேளம் அடித்து ஊர்வலம் போகாதீர்கள். பிணத்திலிருந்து இறங்கும் உண்ணிகள் அந்த இடத்திலேயே காத்திருக்கும். தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதற்காகக் குரங்கை விஷம் வைத்துக் கொல்லவும் வேண்டாம். அதுவும் நம்மைப் போல் நோயாளிதான். இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. எனவே படுத்தவரை ஒதுக்கி வைக்கவும் வேண்டாம்.

நிருபர்களே, ‘மர்மக் காய்ச்சலுக்கு 3 பேர் பலி’ என்று எழுதினால் அடுத்த நாளும் அந்த ஊருக்குப் போங்கள். ரத்தம் எடுத்தார்களா, எங்கே அனுப்பினார்கள், எதற்கெல்லாம் சோதித்தார்கள், முடிவு என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைச் செய்தியாக்குங்கள்.

வாசகர்களாகிய உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த முறை பேப்பரில் அந்தத் தலைப்பைப் பார்த்தால், பேனாவை எடுத்து ‘மர்ம’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘சோதிக்கப்படாத’ என்று எழுதிப் படித்துப் பாருங்கள். யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பது உடனே புரிந்துவிடும்.