பெண்ணின் பாத்தியதையும் விடுதலைப் பத்திரமும்

சர்வதேச மகாநாடுகளின் தீர்மானங்களால் நம் பெண்களுக்கு என்ன பயன் என்று அலுத்துக்கொள்வோர், வெளியுலகம் கேட்ட ஒரு கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் சுதந்தர இந்தியா தன் பெண்மக்களின் மெய்யான நிலையைக் கண்டு திடுக்கிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை தன் உறுப்பு நாடுகளிடம் பெண்களின் நிலைமை குறித்து அறிக்கை கோரியதையொட்டி 1971இல் நியமிக்கப்பட்டு, பூல்ரேணு குகா அம்மையாரின் தலைமையில் தேசமெங்கும் விசாரித்தறிந்த குழு, 1974இன் இறுதியில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையைச் சமர்ப்பித்தது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் என்றிருந்த விகிதம் 1971இல் 930ஆகக் குறைந்துபோனதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியபோது, அரசியல் சாசனம் அளித்த சமத்துவம் இல்லங்களுக்குள் இன்னும் பிரவேசிக்கவில்லை என்பது பிரத்தியட்சமாயிற்று.

எனினும் அந்த இல்லத்தின் வாசலிலேயே அரசாங்கமும் தயங்கி நின்றுவிட்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகள் அனைத்தையும் ஒழிப்பதற்கென 1979 டிசம்பர் 18ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் 1980இல் கையொப்பமிட்ட இந்தியா, 1993இல் அதனை உறுதிசெய்தபோது, பழக்கவழக்கங்களை மாற்றுவது பற்றிய பிரிவையும், திருமணமும் குடும்பமும் பற்றிய பதினாறாம் விதியின் முதற்பிரிவையும் பொறுத்தமட்டில், எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரங்களிலும் அச்சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இன்றித் தலையிடாத தன் கொள்கைக்கு இசைவாகவே நடந்துகொள்ளும் என்று ஒரு பிரகடனத்தைச் சேர்த்துக்கொண்டது. பெண்ணின் வாழ்நாளில் பெரும்பகுதியை நிர்ணயிப்பவை வழக்கமும் குடும்பமுமே அல்லவா? அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கொடுக்கும் வாக்குறுதி அரை வாக்குறுதியே என்பது என் திடமான அபிப்பிராயம்.

தமிழ்நாடோ, வழக்கத்தின் மீதே கைவைக்கத் துணிந்த நாடு. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானிக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த மாநிலத் திருத்தச் சட்டம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்றது. அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போன பெண்களை அது விலக்கிவைத்தது என்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிற குறை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காளுக்கு இல்லாத பங்கு தங்கைக்குக் கிடைத்த குடும்பங்கள் உண்டு. மத்திய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும், 2020இல் உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கமும் அக்குறையைப் பெரிதும் நீக்கின.

சட்டம் இவ்வளவு தெளிந்துவிட்ட பின்னரும் நிலம் ஏன் பெண்ணின் பெயருக்கு வருவதில்லை என்பதற்கு விடை வேண்டுவோர், ஒரு முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்து வராந்தாவில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். தகப்பனார் காலமாகி, வாரிசுச் சான்றிதழ் வாங்கியானதும், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் வரவழைக்கப்படுகிறார்கள். பத்திர எழுத்தர் முன்னதாகவே தயாரித்து வைத்திருக்கும் விடுதலைப் பத்திரத்தில், தக்க பிரதிப்பிரயோசனம் பெற்றுக்கொண்டு தன் பாத்தியதையை மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாகக் கண்டிருக்கும். அந்தத் தொகை பெரும்பாலும் அவள் கையில் ஏறியிராது. “உனக்குத்தான் நகை போட்டுச் சீர் செய்து அனுப்பியாயிற்றே” என்று ஒரு சொல். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ, நாளை தன் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வராமற் போகுமோ என்று ஓர் அச்சம். புகைப்படம் பிடிக்கப்பட்டு, விரல்ரேகை பதிந்து, சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மகளின் கையொப்பம் இல்லாத நிலத்தை வாங்க யாரும் துணிவதில்லையாதலால், அவளுடைய கையொப்பத்துக்குச் சட்டம் ஒரு மதிப்பை உண்டாக்கிவிட்டது; நிலமோ வழக்கம்போல் ஆண்மக்களிடமே தங்கிவிட்டது. குடும்பத்தாருக்குள் எழுதப்படும் இத்தகைய பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகையும் உச்சவரம்பும் அளிக்கும் அரசாங்கம், அந்தச் சலுகையினால் நடைபெறுவது என்னவென்று ஒருமுறையேனும் ஆராய்ந்திருக்க வேண்டாமா?

மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சகோதரியை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவளுடைய சம்மதம் மெய்யானதுதானா என்று விசாரிப்பது ராஜாங்கத்தின் கடமை. அவள் பங்கின் வழிகாட்டி மதிப்பைப் பத்திரத்திலேயே குறிப்பிட்டு, உடன்பிறந்தார் எவரும் அருகில் இல்லாத வேளையில் பதிவு அதிகாரி அதனை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிரதிப்பிரயோசனம் என்று எழுதப்படும் தொகை அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்க வேண்டும். துக்கம் ஆறுவதற்குள் கையொப்பம் வாங்கும் அவசரத்தைத் தவிர்க்க, மரணத்துக்குப் பின் சில மாத அவகாசத்தையேனும் விதியாக்க வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை பெண்கள் சகோதரர்களுக்கு விடுதலை எழுதிக்கொடுக்கிறார்கள் என்ற கணக்கை எடுப்பதற்கு வேண்டிய பத்திரங்கள் யாவும் பதிவுத்துறையின் வசமே இருக்கின்றன. அக்கணக்கை மாவட்ட வாரியாகப் பிரசுரித்து, உடன்படிக்கையின்படி ஐ.நா. குழுவுக்கு இந்தியா அளிக்கும் அடுத்த அறிக்கையிலும் அதனைச் சேர்க்குமாறு மாநில அரசு மத்திய அரசை வற்புறுத்த வேண்டும்.