வண்டி நம்பரும் பெரியவரின் பெயரும்

"வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" தேனியிலிருந்து குமுளி வரை சைக்கிள் மிதிக்கிற எவரும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது வாங்கியிருப்பார். பின்னால் வந்து ஏர் ஹாரனை அலறவிடுவது, முழங்கை உரசும் அளவுக்கு அணைத்துப் போவது, தாரைவிட்டு மண்ணில் இறக்குவது, தடுமாறி நிற்பவரைத் திரும்பிப் பார்த்து இதைக் கேட்டுவிட்டுப் போவது. சாவைச் சொல்லி மிரட்டும் பேச்சு இது. எல்லோர் வாயிலும் புழங்கித் தேய்ந்துபோனதால் நமக்கு உறைப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் சைக்கிளை நம்பியிருப்பவர்கள் யார்? மடை திறக்க இருட்டோடு மம்பட்டியை எடுத்துக்கொண்டு போகிற விவசாயி. கேரியரில் புல்லுக்கட்டு ஏற்றி வருகிறவர். பால் ஊற்றுகிறவர். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2001-இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் எல்லாப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் வந்தது. அந்தச் சைக்கிளால்தான் பல வீடுகளில் பெண்பிள்ளையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நிற்காமல் போனது. அவள் அதை ஓட்டிப் போகும் சாலையில் அவளுக்கு எவ்வளவு இடம் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. திண்டுக்கல்–குமுளி சாலையை அகலப்படுத்தி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர் ஊருக்குப் புறவழிச்சாலையும் போட்டாயிற்று. வண்டிகளின் வேகம் கூடியது. வீடு இந்தப் பக்கமும் வயல் அந்தப் பக்கமுமாக ஆகிப்போனவர்கள் அந்த வேகத்தின் குறுக்கேதான் தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் அண்மையில் ஒரு வீடியோ சுற்றியது. புல்லுக்கட்டோடு போகிற பெரியவரை ஒரு வேன் வேண்டுமென்றே இடது பக்கம் நெருக்கி, பள்ளத்தில் சாய்க்கிறது. பின்னால் பைக்கில் வந்தவர் எடுத்தது. வேன் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. ஓட்டியவரின் முகப்படத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து ஒட்டினார்கள். அவர் ஊர், அவர் சாதி, அவர் வீட்டுப் பெண்கள் என்று பேச்சு போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் போனது. மூன்றாம் நாள் வேறு வீடியோ வந்தது, இது அடங்கிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. பரப்பியதையே புகார் கொடுத்ததாக எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். ஓட்டுநரின் சாதிவரை தெரிந்துகொண்ட அந்தக் குழுவில், விழுந்த பெரியவரின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அடிபட்டதா, வைத்தியம் பார்த்தாரா என்று கேட்டவரும் இல்லை.

அந்தக் கோபம் நியாயமானது. கோபமே வராத ஊரில் சைக்கிள்காரருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அது போய் விழுந்த இடம் தவறு. முகத்தைப் போட்டுத் திட்டுவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கு டெல்லியில் நடந்ததே போதும். 2015 ஆகஸ்டில் திலக் நகர் சிக்னலில் தன்னிடம் ஆபாசமாகப் பேசியதாகச் சொல்லி ஒரு பெண், பைக்கில் வந்த ஒருவரின் படத்தை வெளியிட்டார். தொலைக்காட்சிகள் அன்றைக்கே அவரைக் குற்றவாளி ஆக்கின. 2019-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நடுவில் போன நான்கு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அதே டெல்லியில் 2010-இல் போக்குவரத்துப் போலீஸ் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தது. விதி மீறும் வண்டிகளை மக்கள் படமெடுத்துப் போட்டார்கள். நம்பரை வைத்து அபராதச் சீட்டு உரிமையாளரின் வீட்டுக்குப் போனது. அதுவும் ஊரறியப் படம் போடுகிற வேலைதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லவேண்டிய ஓர் அலுவலகம் மறுமுனையில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் மறுத்துப் பேச ஓர் இடம் இருந்தது.

நம் சாலையில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்கு ஓட்டுகிறவர்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர், காலை வேலை தொடங்குமுன் மலையேறிவிட வேண்டும். தனியார் பஸ் ஓட்டுநருக்கு முன்னால் போகும் பஸ்ஸின் டைமிங் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் இரவெல்லாம் தூங்காமல் வந்திருப்பார். இதையெல்லாம் சொல்வது, ஒரு மனிதரை மண்ணில் தள்ளியதை மன்னிப்பதற்காக அல்ல. ஓட்டுநரைச் சாதி சொல்லித் திட்டினால் அந்த டிரிப்பை நிர்ணயித்தவர் நிம்மதியாகத் தூங்குவார் என்பதற்காக.

உரிமையாளரைத் தொடுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆவது பிரிவின்படி, போலீஸ் கேட்டால் அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது யார் என்று உரிமையாளர் சொல்லியே ஆகவேண்டும். 184-ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பின் சட்டத்துக்கு மாறாக முந்திச் செல்வதும் அதில் அடங்கும். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பிரிவுகள் ஆள் செத்த பிறகு எடுத்துப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. உரசிப் போனாலே போதும். உரசலுக்குப் புகார் எழுதிக்கொள்ள நம் ஸ்டேஷன்கள் பழகவில்லை, கொடுக்க நாமும் பழகவில்லை.

2016-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதிப் போலீஸ் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போலீஸ்காரர்களே சாதாரண உடையில் சைக்கிளில் போனார்கள். நெருக்கிக் கடந்த வண்டியைச் சற்றுத் தள்ளி நின்ற சக போலீஸ்காரர் மடக்கினார். தரையில் விரித்த பாயில் சைக்கிளும் காரும் எவ்வளவு இடைவெளியில் போகவேண்டும் என்று வரைந்திருந்தது. அவர்கள் சொன்ன அளவு ஒன்றரை மீட்டர். அந்தப் பாயின்மேல் ஓட்டுநரை நிற்கவைத்து விளக்கினார்கள். மோசமாக ஓட்டியவர்மேல் வழக்குப் போட்டார்கள். முகத்தை ஊருக்குக் காட்டவில்லை. செய்த தவறு என்ன என்று செய்தவருக்கே காட்டினார்கள்.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ஒரு காலைப்பொழுதில் இதைச் செய்ய அதிகம் செலவாகாது. இரண்டு சைக்கிள், நான்கு போலீஸ்காரர், ஒரு பாய். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. முடிவெடுக்க அது போதும்.

வீடியோ எடுக்கிற தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். எடுங்கள், நிறுத்தாதீர்கள். பரப்புவதற்கு முன் இறங்கிப் போய் விழுந்தவரைத் தூக்குங்கள், அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், வண்டி நம்பர் எழுதி, அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். 133-இன்படி உரிமையாளரிடம் கேட்டீர்களா, அவர் யார் பெயரைச் சொன்னார் என்ற இரண்டு கேள்வியும் அந்த மனுவில் இருக்கட்டும். ரசீது எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் போடுவதென்றால் அந்த எண்ணைப் போடுங்கள்.