இறையாத கிணறும் ஓடாத ஸ்போர்ட்ஸ் காரும்

"குறைந்த மைல் ஓடியது, இருபது ஆண்டுகளாகக் கராஜில் பத்திரமாக வைக்கப்பட்டது." பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை விற்கும் விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் வாசகம் இது. விற்பவர் பெருமையோடு எழுதுகிறார். வாங்குபவர் அந்தப் பெருமைக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார். என்னைக் கேட்டால் இதனை நற்சான்றிதழாக அன்றி எச்சரிக்கையாகவே வாசிக்க வேண்டும் என்பேன். இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று நம் முன்னோர் சொன்னது கிணற்றுக்கு மட்டும் பொருந்துவதன்று.

விற்பவர் தமது பண்டத்தைப் புகழ்வதில் வியப்பில்லை. ஓர் அரசாங்கமே அந்தப் புகழ்ச்சியை நம்பிச் சட்டம் இயற்றினால் என்ன சொல்வது? பெரிய பிரித்தானியாவில் நடந்திருப்பது அதுதான். அங்கே மூன்று வயதைக் கடந்த கார்கள் வீதியில் ஓடுவதானால் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. எனப்படும் தகுதிப் பரிசோதனையில் தேற வேண்டும். 2012 நவம்பரில், 1960ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வாகனங்களுக்கு இதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 2018 மே 20 முதல், நாற்பது வயதைக் கடந்த, பெருமாற்றம் எதுவும் செய்யப்படாத கார்கள் அனைத்துக்கும் அந்த விலக்கு விரிவாக்கப்பட்டது. இதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் முக்கியமானவை இரண்டு. இத்தகைய கார்களின் உரிமையாளர்கள் அவற்றை நன்கு பராமரிக்கிறார்கள் என்பது ஒன்று. அவை வீதியில் ஓடுவது மிகக் குறைவு என்பது மற்றொன்று.

முதலாவது நியாயம் பலரைப் பொறுத்தவரை உண்மையே. இரண்டாவதுதான் என் வழக்கு. குறைவாக ஓடுவது பரிசோதனையை விலக்குவதற்கான காரணமன்று. அதனைக் கட்டாயமாக்குவதற்கான காரணம்.

எம்.ஜி.பி. என்ற சிறிய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான வண்டி இது. 1798 சிசி எஞ்சின், முன்னே டிஸ்க் பிறேக், பின்னே டிரம் பிறேக். எளிமையான வண்டி, ஆகவேதான் பலருடைய கராஜ்களில் துணி போர்த்தியபடி இன்னும் நிற்கிறது. நிற்கும்போது அதற்குள் என்ன நிகழ்கிறது?

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது என்கிறது தரவிதி. 3.7 வீதம் நீர் சேர்ந்துவிட்டால் அதே விதி எதிர்பார்ப்பது 155 பாகையைத்தான். நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடாகி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. அதே ஈரம் பிறேக் சிலிண்டர்களின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். 1960களின் முற்பகுதியில் வந்த எம்.ஜி.பி.யில் பிறேக் எண்ணெய்க்கு ஒரேயொரு சுற்றுத்தான் உண்டு. ஓரிடத்தில் அது கசிந்து தீர்ந்தால் நான்கு சில்லுகளிலும் கால் பிறேக் போய்விடும்; கைப்பிறேக் மட்டுமே மிஞ்சும்.

பெற்றோலும் கெடும். அதிலுள்ள இலகுவான கூறுகள் ஆவியாக, எஞ்சியது பிசினாகிக் கார்புரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் முதல் பொதுப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. எதனோலுக்கென்று செய்யப்படாத பழைய றப்பர்க் குழாய்களை அது அரிக்கும். சூடான எஞ்சினுக்கு மேலே கசியும் பெற்றோல் எதனைச் செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் விட ஏமாற்றுவது ரயர். ஓடாத ரயர் தேய்வதில்லை. பள்ளங்கள் ஆழமாக, பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். றப்பரோ உள்ளே முதுமையடைந்துகொண்டிருக்கும். 2012 செப்டெம்பரில் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், ஏ3 வீதியில், இசைவிழாவொன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றிவந்த பேருந்தின் முன் ரயர் வெடித்தது. சாரதி உட்பட மூவர் மாண்டனர். அந்த ரயருக்கு வயது 19க்கும் மேல். பேருந்தைவிட அது மூத்தது. பள்ளத்தின் ஆழமோ சட்டப்படி போதுமானதாகவே இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் ஆண்டுக்கணக்காகப் போராடிய பின்னரே, 2021 பெப்ரவரி 1 முதல், லொறிகள், பேருந்துகள் ஆகியவற்றின் முன் அச்சில் பத்து வயதுக்கு மேற்பட்ட ரயர்கள் தடைசெய்யப்பட்டன. கார்களுக்கு அந்தத் தடை இல்லை.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் போல் வோக்கர் உயிரிழந்த விபத்தையும் நினைவுகூர வேண்டும். அவர் பயணித்தது 2005ஆம் ஆண்டின் போர்ஷ் கரேரா ஜிரி. விபத்துக்குக் காரணம் மிதமிஞ்சிய வேகம் என்றே புலனாய்வாளர்கள் முடிவுசெய்தனர். அந்த வண்டியின் ரயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதையும், அது வண்டியின் பிடிமானத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே பதிவு செய்தனர். முதற்பழியை வேகம் ஏற்கட்டும். முதிய றப்பர் முற்றாக விடுதலை பெறவில்லை.

ரயரின் வயதை அறிய வித்தகம் வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 0905 என்றிருந்தால் 2005ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். மூன்று இலக்கங்களே இருந்தால் அது கடந்த நூற்றாண்டின் ரயர். வேறெதையும் பார்க்காமல் கழற்றிவிடலாம்.

இனி, பல்லாண்டு நின்ற காரை முதன்முதலாக உயிர்ப்பிக்கும் காணொளிகள். புதிய பற்றரி, ஒரு போத்தல் பெற்றோல், சாவியைத் திருப்பினால் புகை, உறுமல், கைதட்டல். எஞ்சின் இயங்கிவிட்டால் வண்டி பிழைத்துவிட்டதாக ஒரு மயக்கம் இதனால் பரவுகிறது. ஓட வைப்பதற்கு முன் நிறுத்த வைக்க வேண்டும் என்பதே சரியான ஒழுங்கு. முதலில் பிறேக், அடுத்து ரயர், அடுத்து பெற்றோல் தாங்கியும் குழாய்களும். எஞ்சினின் முறை கடைசியில்தான் வரும். அப்போதும் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பின்னர் எஞ்சின் எண்ணெயை மாற்றி, பிளக்குகள் இல்லாமலே ஸ்ராட்டரால் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறியதைக் கண்ட பின்னரே பற்றவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயக்கி அணைப்பவர்களும் நன்மை செய்வதாக நினைத்துத் தீமையே செய்கிறார்கள். முழுச் சூடு ஏறாத எஞ்சினிலும் புகைக்குழாயிலும் நீர் தேங்கித் துருவே மிஞ்சும்.

பழைய கார்களால் நேரும் விபத்துகள் குறைவு, உரிமையாளரே பொறுப்பாளி, விரும்பினால் தாமாகவே பரிசோதிக்கலாம் என்று மறுப்பவர்கள் உண்டு. பாசமுள்ளவன் தன் வண்டியைப் பார்த்துக்கொள்வான் என்பது அவர்களது நம்பிக்கை. பாசம் உண்டுதான். ஆனால் பிறேக் எண்ணெயில் எத்தனை வீதம் நீர் என்று பாசம் அளந்து சொல்லாது. முதலாவது உரிமையாளர் இறந்தபின் கராஜைத் திறக்கும் மகனுக்கோ, விளம்பரம் பார்த்து வாங்கும் அந்நியருக்கோ அந்த வண்டியின் சரித்திரம் தெரியாது. ஒரே கராஜில் பதினைந்து ஆண்டுகள் நின்ற இரு கார்களுள் 39 வயதுக் கார் பரிசோதனையில் தேறியாக வேண்டும். 41 வயதுக் கார் உரிமையாளரின் ஒரு கையொப்பத்தோடு வெளியேறலாம். இதில் என்ன தர்க்கம்?

நான் கேட்பது பெரிதன்று. ஆண்டுதோறும் வேண்டாம். வீதியில் ஓடாது என்று அறிவித்து ஈராண்டுக்கு மேல் நிறுத்திவைத்த எந்தக் காரும், எத்தனை வயதாயினும், திரும்பி வரும்போது ஒரேயொரு முறை பரிசோதிக்கப்படட்டும். காருக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண். பழைய ஸ்போர்ட்ஸ் காரொன்றை வைத்திருக்க வசதியுள்ளவருக்கு இது பாரமாகாது. அந்தக் கார் திரும்பி வரும் வீதி அவருக்கு மட்டும் உரியதன்று. அதிலே பாதசாரிக் கடவையில் பிள்ளையின் கையைப் பிடித்து நிற்பவருக்கும் பங்குண்டு. வருகிற வண்டி பதினைந்து ஆண்டுகள் உறங்கி எழுந்தது என்பது அவருக்குத் தெரியாது. அது நிற்கும் என்று நம்பித்தான் அவர் காலை எடுத்து வைக்கிறார்.