நேரத்தின் குற்றம்

நகைச்சுவைத் தொடரொன்றைப் பார்ப்போர் குறைந்தால், அதில் சரக்கில்லையென்று தொலைக்காட்சி முதலாளிகள் தீர்ப்பளித்து விடுகின்றனர். இது நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

மாலை ஆறரை மணித் தொடரை, சென்னையில் வேலை முடித்து மின்சார ரயிலில் திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருப்பவர் எங்ஙனம் பார்ப்பார்? அவர் வீடு சேர்ந்தபின், இரவு எட்டு மணிக்கோ கண்ணீர்த் தொடர்களே ஆட்சி புரிகின்றன!

1984-இல் தூர்தர்ஷன் வெள்ளிக்கிழமை இரவில் ஒளிபரப்பிய 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்னும் ஹிந்தி நகைச்சுவைத் தொடர் பெரும்புகழ் பெற்றது. அதன் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், குடும்பத்தார் கூடியிருந்த நேரமும், போட்டி நிலையம் இல்லாமையும் அப்புகழில் பங்குடையவை.

பார்ப்போர் குறைந்தால் விளம்பரம் குறையும்; விளம்பரம் குறைந்தால் தொடர் மடியும். ஆகவே, நல்ல தமிழ் நகைச்சுவைக்கு முதலில் இரவில் இடமளியுங்கள். பின்னர் அதன் தகுதியை அளவிடுங்கள். நேரத்தின் குற்றத்தை நாடகத்தின் தலையில் சுமத்தலாகாது.