மாத்திரை வந்தது, பருப்பு எப்போது வரும்?

2025ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழித்துவிடுவோம் என்று ஒன்றிய அரசு 2018இல் அறிவித்தது. அந்த ஆண்டு முடிந்துவிட்டது. 2015இல் லட்சம் பேருக்கு 237 என்று இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2024இல் 187 ஆகக் குறைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. 21 சதவீதம் குறைந்திருக்கிறது. இது சிறிய சாதனை இல்லை. ஆனால் வைத்த இலக்கு 80 சதவீதம். மீதி ஏன் குறையவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடங்கள் சேரிகளும் தோட்டத்து லயன் வீடுகளும் மலைக் கிராமங்களும்தான். பழங்குடியினர் உடல்நலம் குறித்து ஆராய்ந்த நிபுணர் குழு 2018இல் தந்த கணக்கு இதைக் காட்டுகிறது: நாட்டில் பழங்குடியினரிடையே லட்சம் பேருக்கு 703 பேர் காசநோயாளிகள், மற்றவர்களிடையே 256 பேர்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு கசப்பு உண்டு. மலைக்காற்று பட்டால் நெஞ்சு நோய் தீரும் என்று வெள்ளைக்காரர்கள் நம்பிய காலம் இருந்தது. குளிர்ந்த காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இம்மூன்றும்தான் அன்றைய சானடோரியம் மருத்துவம். சேர்வராயன் மலையில் காற்றுக்கு என்றும் குறைவில்லை. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த மலையில் உழைத்தவர்களுக்கு, அது மலையாளிப் பழங்குடியினர் ஆனாலும் கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு ஏறிய ஆதிதிராவிடர் ஆனாலும், கிடைக்காமல் போனவை மற்ற இரண்டு: ஓய்வும் சாப்பாடும்.

இந்த இரண்டும் நோயாளிக்குத் தேவையா, இல்லையா என்று மருத்துவ ஆய்வு இரண்டு முறை விடை சொல்லியிருக்கிறது. முதல் விடை நம் சென்னையில் கிடைத்தது. இரண்டாவது ஜார்க்கண்டில் கிடைத்தது. முதல் விடையை அரசுகள் உடனே எடுத்துக்கொண்டன. இரண்டாவது விடையின் முன்னால் தயங்கி நிற்கின்றன.

சென்னை, 1956

மதராஸ் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. அன்று நாட்டில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ சில ஆயிரங்கள். எல்லோரையும் சானடோரியத்தில் சேர்க்க வழியில்லை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் பிழைப்பார்களா என்பதுதான் கேள்வி.

டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நகரத்து ஏழைகள் 193 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இரு தரப்புக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான ஒற்றை அறை, குறைந்த சாப்பாடு, அதற்கு நடுவே வேலை. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் ஏறக்குறைய 92 சதவீதம் பேரும் வீட்டில் 86 சதவீதம் பேரும் நோய் அடங்கிய நிலைக்கு வந்திருந்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், காசநோய் புறநோயாளிப் பிரிவில் பார்க்கும் நோயாக மாறியதற்கும் இந்த ஆய்வு முக்கியக் காரணம். லண்டனிலும் நியூயார்க்கிலும் நோயாளி தன் வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது மதராஸ் குடிசைவாசிகளின் உடம்பு.

அந்த நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. பரவல் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. காசநோய் இருமும்போது காற்றில் பரவுவது. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிப் பரவுவது இல்லை. தேநீர்க்கடையில் தனி டம்ளரைப் பார்த்த சமூகம் நாம். நம் வீட்டு நோயாளிக்கு நாமே தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை என்பதை மாணவர்கள் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்விலிருந்து அரசுகள் எடுத்துக்கொண்டது பாதியைத்தான். வீட்டு மருத்துவம் வெற்றி பெற்றதற்குக் காரணம் மருந்து மட்டும் இல்லை. வாரந்தோறும் மருந்து கொடுத்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கவனிப்பை நாடு முழுவதும் கொண்டுபோகப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்னொரு பக்கம், நல்ல சாப்பாடு இல்லாமலே மருந்து வேலை செய்தது என்ற கண்டுபிடிப்பு, சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற சவுகரியமான முடிவாக மாறியது. ஏழை குறைச்சலாகச் சாப்பிட்டும் பிழைத்துக்கொள்வான் என்பது ஆட்சியாளர்கள் காதுக்கு இனிமையான செய்திதானே.

ஜார்க்கண்ட், 2019

சாப்பாட்டுக் கேள்வி மறுபடி ஆய்வுக்கு வர அறுபது ஆண்டுகள் ஆயின. பழங்குடியினர் மிகுந்த ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019இல் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அதன் பெயரே ‘ரேஷன்ஸ்’. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள்.

நோயாளிகள் எல்லோருக்கும் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் கொண்ட மாதாந்தரப் பொட்டலம் கிடைத்தது. குடும்பத்தாரை மட்டும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மற்ற பிரிவுக்கு வழக்கமான ரேஷன் மட்டும். 2023 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழ்களில் முடிவு வெளியானது. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு மரண வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆக, சென்னை ஆய்வு பொய்யாகிவிடவில்லை. கிருமியைக் கொல்ல மாத்திரை போதும். ஆனால் நோயாளி சாகாமல் இருக்கவும், பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கு நோய் வராமல் இருக்கவும் பருப்பு வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நாடு கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. கூடுதல் உணவு கிடைக்காத பிரிவில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. அவர்களும் சேர்ந்துதான் அந்த 39 என்ற எண்ணைச் செய்தார்கள். அந்தக் கடன் நிலுவையில் இருக்கிறது.

அரசு என்ன செய்திருக்கிறது? நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போடும் திட்டம் 2018இல் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆனது. வரவேற்கிறோம். குடும்பத்தாரின் உணவு மட்டும் ‘நிக்‌ஷய் மித்ரா’ என்ற கொடையாளர் திட்டத்தில் விடப்பட்டிருக்கிறது. புரவலர் கிடைத்தால் பொட்டலம் வரும், கிடைக்காவிட்டால் வராது. மேடையில் பொட்டலத்தோடு நிறுத்திப் படம் எடுத்தால் ஊருக்கே நோய் தெரிந்துவிடும். உரிமையாகக் கிடைக்க வேண்டிய மருத்துவத்தைத் தானமாக வாங்கச் சொல்வதை நாம் ஏற்க முடியாது.

சேர்வராயன் மலைக்கு வருவோம்

தமிழ்நாட்டில் இதைச் செய்ய அடித்தளம் இருக்கிறது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டவுடனே எடை மிகவும் குறைந்தவர்கள், மூச்சுத் திணறுகிறவர்கள், எழுந்து நிற்க முடியாதவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்து உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. 1956இல் மதராஸ் குடிசையில் செய்த வேலையின் மறுபதிப்புதான் இது.

இனி பருப்புக் கணக்கு. நம் ரேஷன் கடையில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு. ரேஷன்ஸ் ஆய்வின் அளவுப்படி நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு வேண்டியது 6 கிலோ. வித்தியாசம் 5 கிலோ. கடை இருக்கிறது, அட்டை இருக்கிறது, நோயாளிப் பட்டியல் அரசிடம் இருக்கிறது. சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் அந்த வீட்டு அட்டைக்குக் கூடுதல் பருப்பும் எண்ணெயும் கொடுக்க ஓர் அரசாணை போதும். எந்தப் புரவலரும் வேண்டாம், எந்தப் படமும் வேண்டாம்.

அடுத்தது கூலி. மலைக் கிராமத்திலிருந்து ஓ.பி. சீட்டு வாங்கப் போகிறவருக்கு அந்த நாளின் கூலி போய்விடும். பேருந்து தவறினால் மறுநாள் கூலியும் போகும். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் இருமலை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போவதற்குக் காரணம் அறியாமை இல்லை, கணக்கு. மருத்துவ வசதி தோட்ட முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சளிப் பரிசோதனைக்குத் தொழிலாளி இறங்கி வருவதற்குப் பதில், சளி மாதிரி மேலிருந்து இறங்கி வரட்டும். அதற்கு வாரம் ஒரு வண்டி தேவைப்படும்.

ஆய்வுக்கு வருகிறவர்களிடம்

நாளை இந்த மலைக்கும் ஆய்வாளர்கள் வரலாம். வரட்டும், ஆய்வு இல்லாமல் மருத்துவம் இல்லை. ஆனால் கம்மம் நினைவில் இருக்க வேண்டும். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஏறக்குறைய 14,000 சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டு நடத்திய ஆய்வில், அரசு விடுதிகளில் தங்கிப் படித்த சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசியில் குற்றமில்லை, கேட்காமல் போட்டதுதான் குற்றம்.

எனவே கேளுங்கள். இது சிகிச்சையா, ஆய்வா? எனக்குப் புரியும் தமிழில் சொல்வீர்களா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சார்பில்லாத சாட்சி யார்? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காதே? பாதிப்பு வந்தால் மருத்துவமும் இழப்பீடும் யார் தருவார்கள்? புதிய மருந்து ஆய்வுகளுக்கு இவற்றுக்கெல்லாம் 2019ஆம் ஆண்டின் விதிகள் பதில் வைத்திருக்கின்றன. இன்னொரு கேள்வியை நாம் சேர்க்கிறோம்: முடிவு தெரிந்ததும் எங்கள் கிராம சபையில் வந்து சொல்வீர்களா?

மே 1 கிராம சபை வருகிறது. நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் என்று எந்த ஊராட்சியானாலும் கல்லூரி மாணவர் ஒருவர் இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்ய வைக்கலாம்: “காசநோய் சிகிச்சை பெறுபவரின் குடும்ப அட்டைக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு நியாயவிலைக் கடை வழியாக வழங்க வேண்டும், நோயாளியின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது.” தீர்மான நகலைக் கையோடு வாங்கி வாருங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு நாம் சேர்ந்து எடுத்துச் செல்வோம்.