கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லாத நாள்

என் பேத்தி அறிவியல் புதிர்ப்போட்டிக்குத் தயாராகிறாள். மனித உடலில் எலும்புகள் எத்தனை? 206. சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம்? 8 நிமிடம் 20 விநாடி. கேள்வி முடியுமுன் பதில் வந்து விழுகிறது. தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு எத்தனை எலும்பு என்றேன். அதே 206. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300, வளர வளரப் பல எலும்புகள் ஒன்றுசேர்ந்துதான் 206 ஆகின்றன என்றதும், “போட்டிக்கு அது வராது தாத்தா” என்று முடித்துவிட்டாள்.

மனப்பாடத்தோடு எனக்குப் பகையில்லை. வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்தவன்தான். ஆனால் மலேசியாவின் பைராம் தோட்டத்துப் பிள்ளை தன் தலைக்கு மேல் நடப்பதை அறியாமல் கோள்களின் பெயரை மட்டும் அடுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். அதனால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 3 வாக்கிலும் செப்டம்பர் 9 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நிற்கும் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். 12 மணிக்குத் திடலில் போய் நின்றால் ஏமாற்றம்தான். நம் கடிகாரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பதோ 100-ஐ ஒட்டி. பாகைக்கு 4 நிமிடம் வீதம் கணக்கிட்டால் இங்கே உச்சிப்பொழுது 1.20 அளவில். (1982 பிறந்தபோது தீபகற்பத்தில் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் 12.50.)

ஜூனில் அதே கம்பத்தின் உச்சிப்பொழுது நிழல் தெற்கே சாயும், டிசம்பரில் வடக்கே. சென்னைக்கும் நிழலற்ற நாள் இரண்டு உண்டு. லண்டனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஏன் என்று பிள்ளை கேட்கும்போது பூமியின் 23.4 பாகைச் சாய்வைச் சொல்லிக்கொடுங்கள், மறக்காது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இதற்கு வேண்டியது ஓர் அரைமணி, ஒரு சுண்ணக்கட்டி. 1 மணியிலிருந்து நிழலின் நுனியைக் குறித்து வரட்டும். சூரியனை நேரே பார்க்க வேண்டாம். மழை கொட்டினால் மறுநாள் செய்யலாம். ஒரு நாள் தள்ளிப்போனால் 10 மீட்டர் கம்பத்துக்கும் மிஞ்சுவது ஏழு சென்டிமீட்டர் நிழல்தான்.

போட்டி நடத்துவோர் அடுத்தமுறை ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: ஜூன் மாத உச்சிப்பொழுதில் உங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும்?