தவறு யாருடையது?

புதிதாகப் பணியில் சேர்வோருக்கு வங்கிகள் வகுப்பறைப் பயிற்சி அளிக்கின்றன. விதிகள், படிவங்கள், கணினி நடைமுறைகள் யாவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆயினும் நல்ல ஊழியர் உருவாவது வகுப்பறையில் அன்று. வாடிக்கையாளர் காத்து நிற்கும் முகப்பில்தான். அங்கே அவருக்கு அருகில் இருக்கும் மூத்தவர் எவ்வாறு கற்பிக்கிறார் என்பதே முக்கியம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய கிளையில் இளம்பெண் ஒருவர் எழுத்தராகச் சேர்ந்தார். ஐயம் எழும்போதெல்லாம் நம்மிடம் வருவார். வரிசை நீண்டிருக்கும், நாமும் பொறுமையிழந்து, அவரது இருக்கைக்குச் சென்று வேலையை முடித்துக் கொடுத்துவிடுவோம். வரிசை குறைந்தது, உதவி செய்துவிட்டதாக மகிழ்ந்தோம்.

நாம் விடுப்பில் இருந்த ஒரு நாள், சிறு பட்டறை நடத்தும் வாடிக்கையாளரிடமிருந்து அவர் ஒரு காசோலையைப் பெற்றுக்கொண்டார். அதன் தேதி மூன்று மாதங்களைக் கடந்திருந்தது. 2012 ஏப்ரல் முதல் காசோலைகளுக்கு மூன்று மாதமே ஆயுள். அவசரத்தில் பிறர் கண்ணிலும் அது படவில்லை. காசோலை திரும்பி வந்தது. அப்பணத்தை நம்பித் தொழிலாளர்களுக்குக் கூலி தருவதாகச் சொல்லியிருந்த வாடிக்கையாளர் மனம் நொந்தார். விடுப்பு முடிந்து திரும்பிய நாம், அனைவர் முன்னிலையிலும் எழுத்தரைக் கடிந்துகொண்டோம். அதன்பின் அவர் ஐயம் கேட்பதையே நிறுத்திவிட்டார். காசோலை திரும்பியதைவிடப் பெரிய இழப்பு அதுவே.

தவறு யாருடையது? நம்முடையதே. நாள்தோறும் விடையைத் தந்தோமேயன்றி, விடை காணும் வழியைத் தரவில்லை.

அதன்பின் நம் முறையை மாற்றிக்கொண்டோம். "இதை வாங்கலாமா, சார்?" என்று எவரேனும் கேட்டால், "முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறோம். தேதி, எண்ணிலும் எழுத்திலும் உள்ள தொகை, கையொப்பம் என அவரே வரிசையாகச் சொல்லி வருகையில் விடை அவரிடமிருந்தே பிறக்கிறது. விசைப்பலகையை நாம் தொடுவதில்லை. பிழை நேர்ந்தால் அன்று மாலையே, தனியே அழைத்து, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறோம். குறைகளையெல்லாம் சேர்த்துவைத்து ஆண்டு மதிப்பீட்டின்போது கொட்டுவதில்லை. நன்றாகச் செய்ததையும், எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டே பாராட்டுகிறோம்.

ஒருவர் பதிவு செய்ததை மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பது வங்கி நடைமுறை. சரிபார்ப்பவர் திருத்திவிட்டு நகர்ந்தால் அந்தப் பிழை மட்டும் நீங்கும். காரணத்தையும் விளக்கினால் அது மீண்டும் நேராது. பணத்துக்கு இடர் நேரும் தருணத்தில் முதலில் தடுக்கத்தான் வேண்டும், கற்பித்தல் பிறகு.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பர் சிலர். ஒரே ஐயத்துக்கு நாள்தோறும் விடை சொல்வதற்கு ஆகும் நேரத்தை அவர்கள் கணக்கிடுவதில்லை.

கடையோ, பட்டறையோ, அலுவலகமோ நடத்தும் வாசகர்களுக்கும் இது பொருந்தும். புதியவர் தடுமாறும்போது வேலையை அவர் கையிலிருந்து பறிக்காமல், அருகில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் முகப்பில் புதியவர் ஒருவர் சற்றே தாமதித்தால், அவருக்கும் இரண்டு நிமிடப் பொறுமையைத் தாருங்கள். அவர் கற்றுக்கொள்வது உங்கள் பணத்தைக் காப்பதற்கே.